மயில்மீனும் மூன்று பால் சுறாக்களும்

நான் பாடம் பண்ணுகிறவன். பள்ளிக்கூடத்துப் பாடம் இல்லை. செத்த மிருகத்தின் தோலை உரித்து, மருந்து தடவி, உள்ளே நார் அடைத்து, கண்ணாடிக் கண் பதித்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்துவதற்கு எங்கள் தொழிலில் பாடம் பண்ணுவது என்று பெயர். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், துரைமார்களுக்காக அந்த வேலை செய்த ஒரு கடையில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். புலி, சிறுத்தை, காட்டெருமைத் தலை எல்லாம் என் கைக்கு வந்து போயின. சுத்தமான கை என்று முதலாளியே சொல்லுவார். அந்தக் கையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பெண். முதல் குழந்தை நாற்பது நாள்கூடத் தங்கவில்லை. தாய்க்குப் பால் சுரக்கவில்லை, மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, போய்விட்டது. இரண்டாவதற்கும் அதே கதைதான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தால் கொடுத்த கையோடு கக்கிவிடும். சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைப்போம், அதைக் கொஞ்சம் சப்பும். அழவும் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடும். அதைப் பார்க்க முடியாமல் நான் வேலைக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுவேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

என் மனைவி கடலூர்ப் பக்கத்துப் பெண். அவள்தான் ஒரு நாள் சொன்னாள்: "எங்க ஊர்ல இதுக்குப் பால் சுறா புட்டு செஞ்சு குடுப்பாங்க. ரெண்டு நாள் தின்னா போதும், பால் கட்டிக்கும். எங்கனா கெடைக்குதான்னு பாருங்க."

பால் சுறா என்பது இரண்டு முழத்துக்கு மேல் வளராத சின்னச் சுறா. இன்று சிவாஜிநகர் என்கிறார்களே, அன்று எங்களுக்கு அது பிளாக்பள்ளி. அங்கே மார்க்கெட்டில் மீன் விற்கும் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சொறாவா? அரே, அதை ரயில்ல ஏத்துனா இங்க வர்றதுக்குள்ள மூத்திர வாடை அடிக்கும். துரை வீட்டு குக்கு வஞ்சிரம் கேப்பான், வவ்வால் கேப்பான். சொறா எவன் கேக்குறான்?"

பழைய கருவாடு கொஞ்சம் கொடுத்தார். அதைத் தின்று என் மனைவிக்கு வயிறு போனதுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஒரு துரை பட்டணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் படகு பேசி வைத்திருந்தார். முதுகில் மயில்தோகைபோல் துடுப்பு விரிக்கும் மயில்மீனைத் தூண்டிலில் பிடித்து, தன் கிளப் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த மீனின் தோல் வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பிடித்த இடத்திலேயே உரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

வீட்டில் வந்து சொன்னேன். அன்றைக்குத்தான் என் மனைவியின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "கடவுளே பார்த்து அனுப்புறாரு. போய்ட்டு வாங்க. மூணு மீனு போதும்" என்றாள். குழந்தையைத் தூக்கி என்னிடம் காட்டினாள். அதன் எடை என் உளிப் பெட்டியைவிடக் குறைவாக இருந்தது.

படகில் துரை, படகுக்காரர், அவருடைய தம்பி, நான். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் சுற்றினோம். முதல் நாள் முழுக்க நான் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். மயில்மீன் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் துரையின் தூண்டிலில் ஏதோ வெட்டி இழுத்தது. மேலே வந்ததைப் பார்த்ததும் படகுக்காரர், "பால் சொறா" என்றார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

துரைக்கு முகம் சுருங்கியது. "சின்னது வேணாம். வாபஸ் போடு" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சின்ன மீனைக் கொல்லக் கூடாது, பெரிய மீனோடு மல்லுக்கட்டி ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. சட்டிக்காகப் பிடிப்பது மட்டமான வேலை என்று நினைத்தார். படகுக்காரருக்கோ தின்னாத மீனைப் பிடிப்பதே பைத்தியக்காரத்தனம். "சொவத்துல மாட்டவா கடல்ல மீனு கீது?" என்று என் காதருகில் முணுமுணுத்தார். நான் யார் பக்கம்? என் சம்பளம் துரை பக்கம் இருந்தது, என் வீடு படகுக்காரர் பக்கம் இருந்தது.

கையைக் கூப்பி, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் குழந்தை, பால், மருந்து என்று சொன்னேன். துரைக்குப் புரிந்ததோ இல்லையோ, தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு படகுக்காரர் சுறாவை ஈரச் சாக்கின் அடியில் போட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு வந்தன. மூன்று மீன். என் மனைவி கேட்ட அதே கணக்கு. கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன், அழுவது தெரியக் கூடாதென்று.

உச்சி வெயிலில் மயில்மீன் மாட்டியது. துரை அதோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடினார். கரைக்குக் கொண்டுவந்து மணலில் கிடத்தியபோது ஊரே கூடிவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல் நீளம். முதுகுத் துடுப்பின் நீலம் எங்கள் கண்ணெதிரே மங்கிக்கொண்டிருந்தது.

படகுக்காரர் சாக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். "மொதல்ல சொறாவ அறுத்து உப்பு போட்டுடு. ரெண்டு நிமிசம். வுட்டா நாறிப்பூடும்" என்றார்.

ரெண்டு நிமிஷம்தான். கத்தி புதிதாகத் தீட்டிய கத்தி, கை கழுவிய கை, பெட்டியில் இருந்தது வெறும் உப்பு. நான் துரையைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் தலைமேல் நின்றார். மயில்மீனில் கத்தியை வைத்தேன்.

அந்த வேலை பொழுது சாயும்வரை பிடித்தது. தோலை உரித்தேன், சதையைக் குப்பத்து ஜனங்களுக்குக் கொடுத்தேன், தோலின் உள்பக்கம் மருந்து தடவினேன். மருந்து என்றால் பாஷாணம், விஷம்தான். பூச்சி அரிக்காமல் இருக்க அதுதான் போடுவோம். துடுப்பின் வேர்களில் திணிப்பதற்காக என் பெட்டியில் மிச்சமிருந்த உப்பிலும் அதைக் கலந்தேன். நல்ல வேலை. துரை என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு சுறாக்களை எடுத்தேன். முதல் நாள் முழுக்க வாந்தி, பகல் முழுக்க வெயில், கண் இருட்டிக்கொண்டு வந்தது. படகுக்காரரின் சம்சாரம் ஒரு மரக்காலில் உப்பு கொண்டுவந்து, "இந்தாங்கண்ணே" என்று நீட்டினாள்.

"வேணாம்மா. எங்கிட்டயே நல்ல உப்பு இருக்கு" என்றேன்.

பத்தொன்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகப் பெட்டிக்குள் போனது. அள்ளி அள்ளி, வயிற்றுக்குள்ளும் தோல்மேலும் அழுத்தித் தேய்த்து, சாக்கில் சுற்றிக் கட்டினேன்.

மறுநாள் ரயிலேறி, அதற்கடுத்த நாள் காலை தண்டு ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். குழந்தை உயிரோடு இருந்தது. என் மனைவி அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். பூண்டு உரித்து, வெங்காயம் அரிந்து வைத்திருந்தாள். சாக்கை அவிழ்த்தாள். ஒரு சுறாவைத் தூக்கி மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். சிரித்தாள்.

"என்னங்க இது, இத்தனை நேரமாகியும் நாத்தமே அடிக்கலையே. அப்படியே வெறைச்சு நிக்குது. என்னா உப்பு போட்டீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். சுறாவின் தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இறுகி இருந்தது. என் கடையில் இருக்க வேண்டிய தோல். நான் என் குழந்தையின் மருந்தைப் பாடம் பண்ணிக் கொண்டுவந்திருந்தேன்.

அவள் கையிலிருந்து பிடுங்கினேன். கையைக் கழுவு, கழுவு என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது, "கழுவித் தின்னா போகாதா? நான்தானே திங்கப் போறேன்" என்று கேட்டாள். நல்லாக் கழுவிடுறேன் என்று சாக்கின் ஒரு முனையை அவளும் இழுத்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, அவளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. நாய்கூடத் தோண்ட முடியாத ஆழத்தில் மூன்றையும் புதைத்தேன்.

மறுபடி கடற்கரைக்குப் போய்வர லீவு கேட்டேன். மயில்மீன் தோல் காய்வதற்குள் நார் அடைத்து உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும், முடித்துவிட்டுப் போ என்றார் முதலாளி. உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் குழந்தை வாயைத் திறந்தது, மூடவில்லை. சுறா தின்றிருந்தால் பால் சுரந்திருக்குமா, யாருக்குத் தெரியும். ஆனால் தின்னவே விடாமல் செய்தவன் நான்.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாதம் ஒன்று கழித்து, நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைக் கொடுப்பதற்காக அவள் கடைக்கு வந்தாள். மயில்மீன் முடிந்து, வர்ணம் பூசி, கிளப்புக்குப் போகத் தயாராகப் பலகைமேல் நின்றது. துடுப்பு முழுக்க விரிந்து நீலமாக இருந்தது. நான் பதித்த கண் அவளையே பார்த்தது. வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் நின்று பார்த்தாள்.

"அன்னிக்கு இதைத்தான் மொதல்ல செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

சோறு ஆறிவிடும், சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.