மோட்டார் ஓடினால் கேக்கு வேகாது

இன்று இருந்தவர்கள்: நான், மருமகள் செல்வி, ஓவன் பார்க்க வந்த மெக்கானிக் பாபு, வேலிக்கு அந்தப் பக்கம் வயலில் என் கொழுந்தன் கோவிந்தராசு.

பேத்தியின் பிறந்தநாளுக்குச் செல்வி கேக்கு வைத்தாள். ஓவனில் நூற்றெண்பது டிகிரி வைத்தால் சூடு நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

பாபு கழற்றிப் பார்த்துவிட்டு, "ஓவன் நல்லாருக்கு பெரியம்மா. பக்கத்து வயல்ல மோட்டார் ஓடுது, அதான் கரண்டு குறையுது" என்றார்.

வேலியோரம் போய்க் கேட்டேன்.

"கேக்கு வேகுற வரைக்கும் மோட்டாரை நிறுத்துங்க தம்பி."

"நாத்து காயுது அண்ணி. கேக்கு வேகலைன்னா இட்லி ஊத்துங்க."

பாகப்பிரிவினையில் என் வரப்பை வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டவர் வேறு எப்படிப் பேசுவார்?

சாயங்காலம் முதல் ஆளாக வந்து, "நடுவுல வேகலையே அண்ணி" என்றபடி இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

உங்களில் யார் வேண்டுமானாலும் மன்னித்துவிட்டுப் போங்கள். நான் மன்னிக்க மாட்டேன், கோவிந்தராசை.