முன்காம்பராவில் நின்ற கேம் பெட்டி

காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அந்தப் பெட்டியைத் துடைப்பது வீரம்மாவின் வேலை. பனிக்கு அதன் கண்ணாடி வேர்த்து, தண்ணீர் வடிந்து, சிமெந்துத் தரை வழுக்கும். வழுக்கி விழப்போவது அவளோ மகளோதான். பெட்டிக்குச் சொந்தக்காரரான அவளுடைய புருஷன் ஆண்டியப்பன் எட்டு மணிக்கு முன் எழும்புவதில்லை. ஆகவே அவர் இடுப்பில் கட்டிக் கிழிந்த சாரத்தை நாலாக மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பாள்.

ஆள் உயர வீடியோ கேம் பெட்டி அது. காசு போட்டால் கைப்பிடியைத் திருகி ஆகாயக் கப்பல்களைச் சுடலாம். அப்படித்தான் ஆண்டியப்பன் சொன்னார். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மட்டும் திறக்கும் ஒரு விளையாட்டு மண்டபத்தை இடித்தார்கள். பழைய இரும்புக்குப் போகவிருந்ததைக் கெஞ்சி வாங்கி, யாருடைய லொறியிலோ ஏற்றி, தலவாக்கலைக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இருப்பதே இரண்டு காம்பரா. முன்காம்பராவில் பாதி போய்விட்டது.

ஆண்டியப்பன் முப்பது வருஷம் தேயிலை பேக்டரியில் மெக்கானிக்குக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே சாமான் திருத்தும் 'பாஸ்' ஆகிவிட்டார். எந்தச் சாமானையும் தனக்குத் திருத்தத் தெரியும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் சொல்லவில்லை. கூரையில் துருப்பிடித்துக் கிடக்கும் டிஷ் அவர் திருத்தியது. கோயில் ஒலிபெருக்கியும் அவர் கைபட்டதுதான். அன்றிலிருந்து பூசை நேரத்தில் அதில் சிங்கள வானொலி கேட்கும்.

"என்ன பாஸ், கப்பல் இன்னிக்காவது பறக்குமா?" என்று லயத்துக்காரர்கள் கேட்பார்கள்.

"இதெல்லாம் டெக்னிக்கல் வேல. ஒங்களுக்கு வெளங்காது" என்பார்.

விளங்கவேண்டிய ஒன்று அவருக்கும் இருந்தது. மகள் சுதர்ஷினி ஹட்டனில் தையல் படித்து முடித்திருந்தாள். பக்கத்து இரண்டு பாலர் பாடசாலைகளுக்குச் சீருடை தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும் போட முன்காம்பரா வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் தைத்துக் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும். அவள் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா கார்மெண்ட் பேக்டரிக்குப் போகவேண்டிவரும். ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்திருந்துவிட்டு இருமலோடு திரும்பிவந்த பெண்கள் அந்த லயத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

தலவாக்கலையில் பேன்சிக் கடை வைத்திருக்கும் பைஸர், பெட்டி ஓடினால் கடையில் வைக்க எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆண்டியப்பனும் சரியென்று தலையாட்டியிருந்தார். ஆகவே பெட்டி ஓடவேண்டும் என்று அந்த வீட்டில் மெய்யாகவே வேண்டிக்கொண்டவள் சுதர்ஷினிதான்.

அடிப்பலகை உளுத்துப்போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அளந்து அடித்தார். பழைய டீவி ஒன்றைப் பிரித்து, திரைக்கு வேண்டிய பாகங்களைப் பொருத்தினார். அதுவரை குறை சொல்ல முடியாது. திரையில் வெளிச்சம் வந்தது. படத்துக்குப் பதில் கோடு கோடாக ஓடியது. உள்ளே இருக்கும் போர்டில் பூஞ்சணம் என்று கண்டுபிடித்துக் கழுவினார். கழுவியது கார்த்திகை மழைக்காலத்தில்.

"அடுப்புக்கிட்ட வச்சா காயாதா?" என்றாள் வீரம்மா.

"நான் என்ன கருவாடா காயப்போடுறேன்?" என்று போர்டைப் பேக்டரிக்குக் கொண்டுபோனார்.

அந்தத் தோட்டத்தில் மழைக்காலத்தில் வீட்டில் வைத்து எதையும் காயவைக்க முடியாது. பிள்ளைகளின் சப்பாத்து, கல்யாண வேட்டி, ஒருமுறை ஒருத்தருடைய பாஸ்போர்ட், எல்லாம் தேயிலை காயும் டிரையர் அறைக்குப் போய்த்தான் காய்ந்துவரும். வரும்போது பஞ்சு மாதிரி இலைத்தூசி ஒட்டியிருக்கும். வேட்டியை உதறினால் போய்விடும். அந்தத் தூசியைக் கூட்டிப் பெருக்கியே முப்பது வருஷம் ஓட்டிய மனுஷன், போர்டை அதே அறையில் மூன்று நாள் மல்லாக்க வைத்துவிட்டு வந்தார். திரும்பிவந்தபோது அதற்கு முயல்குட்டி போல மயிர் முளைத்திருந்தது. வாயால் இரண்டு தரம் ஊதிவிட்டு மாட்டினார். இருந்த கோடுகளும் போயின.

"நீ ஈரத்துணியால தொடச்சுத் தொடச்சுத்தான் இப்படி ஆச்சு" என்றார் வீரம்மாவைப் பார்த்து.

"ஆமா, நான் தொடச்சது வெளியில. உள்ள ஒரு கொத்துத் தூளு கெடக்குதே, அதையும் நானா கொழுந்து கிள்ளிப் போட்டேன்?"

அவர் லயத்துக் கரண்டைக் குறை சொன்னார். ஜப்பான்காரனைக் குறை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஏதோ பியூஸ் வாங்கப் போகிறேன் என்று டவுனுக்கு பஸ் ஏறினார்.

அவர் போனதும் சுதர்ஷினி போர்டைக் கழற்றினாள். தையல் மெஷினுக்குள் சேரும் நூல்தூசியை எடுக்கும் சின்ன பிரஷால் இடுக்கு இடுக்காகத் தட்டினாள். வயர் வந்து சேரும் ஓரத்துப் பித்தளைப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். அரைமணி நேர வேலை. மாட்டி சுவிட்சைப் போட்டதும் பெட்டி கூவியது. திரையில் பச்சைக் கப்பல்கள் வரிசையாக இறங்கின.

ஆண்டியப்பனுக்கு ரோட்டிலேயே சத்தம் கேட்டது. சப்பாத்தோடு உள்ளே வந்தார்.

"பாத்தியா, நேத்து நான் வயர இறுக்குனது இப்பதான் புடிச்சிருக்கு" என்றார்.

"நான் தூசி தட்டுனேம்பா" என்றாள் சுதர்ஷினி.

"தட்டுனா மட்டும் ஓடிருமா பாப்பா? உள்ள வேல செஞ்சிருக்கணும்."

பத்து நிமிஷத்தில் லயமே வாசலில் நின்றது. தான் பட்ட பாட்டை அவர் எல்லோருக்கும் விளக்கினார். மலையகத்திலேயே இதைத் திருத்த வேறு ஆள் இல்லை என்றார். மறுப்பதற்கு யாரும் மெனக்கெடவில்லை; கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பைஸர் ஆளையும் லொறியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"லொறி ரோட்டுல ஈக்கி பாஸ். தூக்குவமா?"

ஆண்டியப்பன் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இப்ப அசைச்சா உள்ள அத்துரும் மொதலாளி. ஒரு மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டுத் தாறேன்."

"மூணு மாசமா? நீங்கதானே வரச் சொன்னீங்க."

"இது நுணுக்கமான சாமான்."

பைஸர் வீரம்மாவைப் பார்த்தார். அவள் புருஷனை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்கட விருப்பம். பொறகு வந்து சொல்ல வேணாம், கடையில எடமிருக்காது" என்று படியிறங்கினார்.

லொறி வளைவில் இறங்கும் சத்தம் கேட்டது. சுதர்ஷினி வெள்ளைச் சீருடைத் துணிக்கட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு காம்பராவின் நடுவில் நின்றாள். அதை இறக்கிவைக்க இடமில்லை.

"அப்ப நான் எங்கப்பா தைக்கிறது?"

ஆண்டியப்பன் பெட்டியின் பின்கதவைத் திறந்து, போட்ட காசையே எடுத்து மறுபடியும் போட்டார். பாட்டு வந்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதல் கப்பல் வெடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு இரண்டாவதும் வெடித்தது. அவர் திரும்பவில்லை. சுதர்ஷினி துணிக்கட்டோடு காம்பராவை விட்டு வெளியே போனாள்.