தேத்தண்ணியைத் தொடாத கோச்

எங்கள் பல்கலைக்கழக ஃபுட்போல் அணிக்கு ஆள் பிடிக்கும் வேலை வீட்டு ஹோல்களில்தான் நடக்கும். நான் சொல்வது காலால் உதைக்கும் பந்தாட்டம் இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். பள்ளிக்கூட அணியில் நன்றாக ஆடும் பையனின் வீட்டுக்குத் தலைமைக் கோச் நேரில் போவார். சோபாவில் இருந்து தாய் தகப்பனோடு பேசி, பிள்ளையை எங்களிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பார். தொண்ணூறுகளில் ரொறொன்ரோவின் அந்தச் சோபாக்களில் இருந்து நான் தின்ற வடைக்குக் கணக்கில்லை.

ஏனென்றால் தலைமைக் கோச்சுக்கு நான் உதவிக் கோச். அகதியாக வந்து, பள்ளிக்கூடத்தில் இந்த ஆட்டத்தைப் பழகி, அதே பல்கலைக்கழகத்துக்கு ஆடி, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவன். சொந்தக்காரருக்கு அது வேலையாகவே படவில்லை. எனக்குப் பெண் பார்த்த மாமா, "கோச் எண்டு வாய் திறந்திடாத. யூனிவர்சிற்றியில வேலை எண்டு மட்டும் சொல்லு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்களை இடித்து விழுத்தப் பழக்குவது அவருக்கு வெட்கக்கேடு. யூனிவர்சிற்றி என்ற சொல் மட்டும் இனித்தது.

பழைய தலைமைக் கோச் வெள்ளைக்காரர். ஆனால் வீட்டுக்காரர் கொடுத்ததைத் தின்று குடித்து முடிக்கும்வரை ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். தமிழ் வீடு, ஜமேய்க்கர் வீடு, இத்தாலியர் வீடு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். "நீட்டிய சாப்பாட்டை மறுக்கிறவனை நம்பி எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்?" என்று காரில் திரும்பும்போது சொல்வார். அந்த மனிதரிடம்தான் நான் இந்தத் தொழிலைப் படித்தேன்.

ஒரு பருவத்தின் நடுவில் அவர் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். மிச்ச ஆட்டங்களுக்கு நானே தலைமை தாங்கினேன். யாரும் எதிர்பாராதபடி அணி அரையிறுதிவரை போனது. அவர் இனித் திரும்பமாட்டார் என்று தெரிந்ததும் அந்த இடத்துக்கு விண்ணப்பித்தேன். கிடைக்கும் என்று நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

நேர்முகத்தில் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அணிக்குப் பணம் தரும் பழைய மாணவர்கள் உன்னோடு இலகுவாகப் பழகுவார்களா என்று கேட்டார்கள். கிரிக்கெட் ஆடுவதில்லையா என்று ஒருவர் சிரித்தார். கடைசியில், நாட்டின் மேற்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய அணி அந்தப் பருவத்தில் தோற்றுத் தோற்றே ஓய்ந்த அணி. "உனக்கு இங்கே எதிர்காலம் இருக்கிறது" என்று சொல்லி விளையாட்டுத் துறைத்தலைவர் என் தோளில் தட்டினார், நாய்க்குட்டியைத் தட்டுவதுபோல.

புதியவருக்குத் தமிழ் வீடுகள் பழக்கமில்லை. அதற்கு மட்டும் நான் வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ரொறொன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனோம். ஸ்காபரோவிலிருந்து அப்போதுதான் அங்கே குடிபோனவர்கள். தகப்பன் வேலைக்குப் போய்விட்டார். தாயும் மகனும் இருந்தார்கள். மகன் ஆட்டத்தில் பெரிய கெட்டிக்காரன், வேறு பல்கலைக்கழகங்களும் அவனுக்கு வலை வீசிக்கொண்டிருந்தன. தாய் தேத்தண்ணியும் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸும் கொண்டுவந்து முதலில் பெரிய கோச்சுக்கு நீட்டினார். அவர் கையை உயர்த்தி, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார். தாயின் முகம் சுருங்கியதை அவர் பார்க்கவே இல்லை. நான் இரண்டு ரோல்ஸ் எடுத்தேன், பசியில் இல்லை, கோபத்தில்.

மைதானம், உடற்பயிற்சிக் கூடம் என்று அவர் பேசி முடித்ததும் தாய் என்னிடம் கேட்டார்.

"தம்பி, படிச்சு முடிய இவனும் உங்களை மாதிரி அங்க கோச்சா வரலாமோ? பிறகு உந்தப் பெரிய கோச்சின்ர இடத்துக்கும் வரலாமோ?"

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். புதியவர் வாய் நிறையச் சிரித்தார். "நிச்சயமாக. எங்களிடம் எல்லோருக்கும் எதிர்காலம் இருக்கிறது."

துறைத்தலைவரின் அதே வாய்ப்பாடு. அதை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆண்டுக்கணக்காக ஃபக்டரியில் வேலை செய்த பெண்ணுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் அவர் என்னைத்தான் பார்த்தார்.

"உண்மையே தம்பி?"

எத்தனையோ சோபாக்களில் இருந்து அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் நானும் அதை நம்பியே சொன்னேன்.

"இல்லை அக்கா" என்றேன். "நல்லா ஆடினா தலையில தூக்கி வைச்சுக் கொண்டாடுவினம். ஆனா உவர் இருக்கிற கதிரை வேணுமெண்டா, பிள்ளையை எங்களிட்ட அனுப்பாதேங்கோ."

என்ன சொல்கிறாய் என்று புதியவர் என்னைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்திலும் சொன்னேன்.