சியூக்கள் வென்ற படம்

போன கிழமை பல்கலைக்கழகத் திரைப்பட வகுப்பில் ஒரு பழைய கௌபோய் படம் போட்டார்கள். வண்டில் வண்டிலாக வெள்ளைக்காரர்கள் அமெரிக்கப் பழங்குடிகளான சியூ மக்களின் புல்வெளிக்குள் குடியேற வருகிற படம். முன்வரிசையில் இருந்து மளமளவென்று குறிப்பெடுக்கிறவள் நான். கித்தான் மூடிய முதல் வண்டில் தெரிந்ததும் கை நின்றுவிட்டது. தாளித்த செத்தல் மிளகாயும் ஈரக் குளிர்ஜாக்கெட்டும் சேர்ந்த ஒரு மணம் எங்கிருந்தோ வந்தது. புலம்பெயர்ந்து வந்த புதிதில், டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட்டின் ஞாயிற்றுக்கிழமை மணம் அது.

ஞாயிறென்றால் கீழ் மாடியிலிருந்து தேவன் அங்கிள் வருவார். மட்டக்களப்புக்காரர். அப்பா யாழ்ப்பாணம், ஊரில் இருந்திருந்தால் இருவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். பழைய சாமான் விற்கிற கராஜ் சேல் ஒன்றில் இந்தப் படத்தின் டிவிடியை வாங்கி வந்தவர் அங்கிள்தான். அதையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். சியூக்களை அவர் ‘நம்மட ஆக்கள்’ என்பார். அவருடைய வயலும் அப்படித்தான் போனதாம்: முன்னுக்கு ஆமி, பின்னுக்கு ட்ரக்டர்களில் சட்டி பானையோடு குடியேற வந்த குடும்பங்கள். இதை எனக்குச் சொன்னது அப்பா. அங்கிள் இதைப்பற்றி வாயே திறந்ததில்லை.

சியூக்கள் வெள்ளைக்காரரின் கோட்டையை வளைத்ததும், அவர்களைக் காப்பாற்ற வரும் குதிரைப்படையின் ஊதுகுழல் கேட்க முன்னர், அங்கிள் ரிமோட்டை எடுத்து நிப்பாட்டுவார். “நம்மட ஆக்கள் வெண்டாச்சு. இனிச் சாப்பிடுவம்.” அப்பாவும் ஓம் என்று எழும்புவார். உங்களுக்குச் சிரிப்பு வரும், படமே அவ்வளவுதான் என்று நம்பி நான் பள்ளிக்கூடத்தில் ஒருவனோடு சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்.

பிறகு யூனியன்வில்லில் வீடு வாங்கினோம். புதுவீட்டுக் குடிபூரலுக்கு அங்கிளும் அப்பாவின் வேலையிடத்து ஆட்களும் வந்திருந்தார்கள். சுவரளவு டிவியைக் காட்டுகிற சந்தோசப் புளுகத்தில் அப்பா அந்த டிவிடியையே போட்டார். கோட்டை வளைக்கப்பட்டது. அங்கிள் கையை நீட்டினார். ரிமோட் அப்பாவின் மடியில் கிடந்தது.

“நிப்பாட்டு தம்பி.”

“இனித்தானே அண்ணை படமே. இவைக்கு முடிவைக் காட்ட வேண்டாமே?”

ஊதுகுழல் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். வெறும் புதுச் சுவர்களில் துவக்குச் சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பியது. கடைசிக் குதிரை விழும்வரை அங்கிள் இருந்து பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்க் குனிந்து சப்பாத்தைக் கட்டினார். சாப்பிட்டுப் போகும்படி அப்பா பின்னாலேயே போய் மன்றாடினார். வெறும் படம்தானே என்றார்.

“ஓம், படம்தான்,” என்றார் அங்கிள், நிமிராமலே. “நீ நிப்பாட்டுவாய் எண்டு நினைச்சன்.”

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை, தூரம் என்று சாட்டு. அப்பா போன் எடுத்தால் கதைப்பார், தானாக எடுக்கமாட்டார். போன மாரியில் செத்துப்போனார். செத்தவீட்டில் அவருடைய மருமகள் எங்களை யாரென்று தெரியாமல் அப்பாவிடம் வந்தாள்.

“நீங்க மாமாக்கு என்ன முறை?”

தம்பி என்று சொல்வாரென்று நினைத்தேன். அப்பா சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“முந்தி ஒரே பில்டிங்,” என்றார்.