கல்யாண வரிசைக்குள் புகுந்த காய்கறி வேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், பேரா மாநிலத்தில், என் தங்கையின் கல்யாணத்தன்று காலையில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்த்துவிடும். அடுத்த நிமிடமே சிரிப்பும் வந்துவிடும்.

அப்போது நாங்கள் கமுந்திங்கில் குடியிருந்தோம். அதற்கு முன் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அதுவரை பால்மரம் சீவிக்கொண்டிருந்த நான் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து, லைசன்ஸ் எடுத்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். எங்கள் சொந்தத்தில் கார் ஓட்டிய முதல் பொம்பளை நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மாப்பிள்ளை வீடு ஈப்போவில், குனோங் ராபாட் பக்கம். கல்யாணமும் அங்கே ஒரு கோயிலில்தான். விடிந்ததும் கார்கள் வரிசையாகக் கிளம்ப வேண்டும். எங்கள் குடும்ப வழக்கப்படி தாய்மாமன் கார் முதலில், பெண் உட்கார்ந்திருக்கும் கார் அடுத்து, அதற்குப் பின்னால் மூத்த மாப்பிள்ளை, அதாவது எங்கள் பெரிய அக்காவின் வீட்டுக்காரர். இந்த வரிசைக்குள் வெளியார் வண்டி எதுவும் புகுந்துவிடக் கூடாது. புகுந்தால் கல்யாணத்துக்கு ஆகாது என்பார்கள்.

மற்ற நேரமாக இருந்தால் நான் கேலி செய்திருப்பேன். ஆனால் தங்கைக்கு ஏற்கெனவே ஓர் இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு முறிந்துபோயிருந்தது. இந்த முறையும் ஏதாவது ஆகிவிடுமோ என்று வீடே பயந்து கிடந்தது. “எங்கக்கா ஓட்டுனாதான் நான் ஏறுவேன்” என்று அவள் அடம்பிடித்ததால் பெண் கார் என் கைக்கு வந்தது. பின்சீட்டில் அவளும் பெரியம்மாவும்.

தைப்பிங் தாண்டுவதற்குள்ளேயே அத்தான் ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் ரோடு தெரியவில்லை, அவர் நெற்றியில் வைத்திருந்த குங்குமம்தான் தெரிந்தது. அவ்வளவு ஒட்டி வந்தார். நான் வேகம் எடுத்தால் அவரும் எடுத்தார். குறைத்தால் இன்னும் நெருங்கினார். முன்னால் மாமா வேறு ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஒட்டி வா, ஒட்டி வா என்று ஆட்டிக்கொண்டே போனார். இரண்டு ஆண்களுக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி நான்.

சங்காட் ஜெரிங்கில் பெட்ரோல் போட நின்றபோது இறங்கிப் போய்ச் சொன்னேன்.

“அத்தான், கொஞ்சம் தள்ளி வாங்களேன். மழ பேஞ்ச ரோடு.”

“தள்ளி வந்தா எவனாச்சும் பூந்துருவான் லா!”

“எவனும் பூர வேணாம். நான் பிரேக் அடிச்சா நீங்களே எங்க காருக்குள்ள பூந்துருவீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு பழையபடி ஒட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் கோபத்தில் பிரேக்கை அடித்துக் காட்டினால் அடிபடப் போவது பின்சீட்டில் இருக்கிற தங்கைதான். அப்போது தோட்டத்து ஞாபகம் வந்தது. காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டுக்காட்டிலிருந்து வரிசையாக இறங்குவோம். பின்னால் வருகிறவள் குதிகாலை மிதிக்கிற மாதிரி வந்தால் சண்டை போட்டுப் பயனில்லை. முன்னால் போகிறவளிடமிருந்து நாம் இன்னும் கொஞ்சம் பின்தங்கிக்கொள்வோம். அவள் வழுக்கினாலும் நாம் சட்டென்று நிற்க வேண்டியதில்லை, மெல்ல நிற்கலாம். பின்னால் வருகிறவளுக்கும் நேரம் கிடைக்கும், யார் பாலும் கொட்டாது. சரி, இதுவும் அந்த மாதிரி ஓர் இறக்கம்தான் என்று முடிவு செய்து, மாமா காரைத் தூரமாக விட்டுவிட்டேன்.

புக்கிட் பெராப்பிட் மேடு வந்தது. வளைந்து வளைந்து ஏறுகிற பழைய ரோடு அது. நான் விட்ட இடத்தைப் பார்த்ததும் ஒரு காய்கறி வேன் எங்களை விர்ரென்று முந்திக்கொண்டு வந்து, மாமாவுக்கும் எனக்கும் நடுவில் புகுந்துவிட்டது!

“ஐயோ, பூந்துட்டான்! போச்சு, எல்லாம் போச்சு!” என்று பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டார். பின்னால் அத்தான் விடாமல் ஹாரன் அடித்தார். கண்ணாடியில் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். மை கரைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“முந்துடி! எப்பிடியாச்சும் முந்துடி!”

“சும்மா இருங்க பெரியம்மா. மொதல்ல உசுரோட போய்ச் சேருவோம்.”

சொன்னபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேனிடமிருந்தும் பின்தங்கினேன்.

மேடு முடிந்து பாடாங் ரெங்காஸ் பக்கம் இறங்கினோம். ஒரு வளைவு. மாமா காரின் சிவப்பு விளக்கு எரிந்தது, உடனே வேனின் விளக்கும் எரிந்தது. ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய மரக்கட்டை! ஏதோ லாரியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். எனக்கு இடம் இருந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டேன், விட்டேன், மறுபடி தொட்டேன். என் விளக்கு மினுக்கி மினுக்கி அத்தானை எழுப்பட்டும் என்று. கண்ணாடியில் அவர் கார் இடமும் வலமும் ஆடியது. முருகா, முருகா என்று வாய் தானாக முணுமுணுத்தது. டயர் கிறீச்சிட்டது. நான் நின்றேன், அவரும் நின்றார். இரண்டு காருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில்கூட நுழைய முடியாது. ஆனால் இடிக்கவில்லை! மாமா கார் கட்டையைத் தொடாமல் நின்றது, வேன் மாமாவைத் தொடாமல் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை!

அத்தான் இறங்கி வந்தார்.

“நீ வெளக்கக் காட்டுனதாலதான் லா நான் முன்னாடியே கால வச்சேன். இல்லேன்னா...” என்று இரண்டு காருக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் காட்டினார்.

மாமாவோ கட்டையைக்கூடப் பார்க்கவில்லை. நேராக வேனிடம் போனார் சண்டைக்கு. வேன்காரர் ஒரு சீனர். தோட்டம் தோட்டமாகக் காய் விற்றவர் போல, ஓரளவு தமிழ் பேசினார். மாலை கட்டிய கார்களை அப்போதுதான் கவனித்தார்.

“அண்ணே, கல்யாணமா? நான் தெரியாது. நான் ஈப்போ மார்க்கெட் போறேன்.”

“தெரியாதா? வரிச முறிஞ்சு போச்சே, இப்ப என்ன பண்றது?” என்று மாமா கத்திக்கொண்டிருக்கும்போதே, பெண் கார்க் கதவு திறந்தது. பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கை இறங்கி வந்தாள்.

“மாமா, அவரு வேன்ல ஒரு மாலையக் கட்டுங்க. அப்ப அதுவும் நம்ம வண்டிதானே?”

மாமா தன் காரிலிருந்த மாலையை அவிழ்த்து வேனில் கட்டினார். சற்று முன் மாரில் அடித்துக்கொண்ட அதே பெரியம்மா, வேன் கண்ணாடியில் தன் கையால் குங்குமம் வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எல்லோரும் சேர்ந்து கட்டையை உருட்டிவிட்டுக் கிளம்பினோம். மாமா, அடுத்து கீரைக் கட்டுகளோடு மாலை போட்ட வேன், அப்புறம் நாங்கள். அத்தானா? பயத்தில் அவ்வளவு தூரம் தள்ளி வந்தார், சுங்கை சிப்புட்டில் ஆளையே காணோம். சீர்த் தட்டெல்லாம் அவர் காரில்! மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் வேர்த்து வழிய வந்து சேர்ந்தார். வேன்காரர் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கூடை கத்தரிக்காயை மொய்யாக வைத்துவிட்டுப் போனார்.

இன்றும் நெடுஞ்சாலையில் எவனாவது என் பின்னால் வந்து ஒட்டினால், முதலில் கோபம்தான் வருகிறது. உடனே முன்னால் இருக்கிற வண்டியை இன்னும் கொஞ்சம் தூரம் போகவிடுகிறேன். யாராவது அந்த இடத்தில் புகுந்தால் புகுந்துகொள்ளட்டும். தங்கைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அன்று எல்லோரும் திட்டத் திட்ட நான் முன்னால் விட்டுவைத்த அந்த வெறும் ரோட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.