வாசல் வெளிச்சத்துக் கண்

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தொழில். ஊர் பெரியகல்லாறு. ஆனால் வேலை பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில்தான். அங்கே மணப்பெண்ணைப் படம் எடுக்கப் பெண் கமராக்காரிதான் வேண்டும் என்பார்கள். மணப்பெண்ணின் கண்ணை மட்டும் நெருங்கிப் போய் எடுப்பதில் எனக்கு நல்ல பெயர். மை தீட்டிய இமை, கண்மணிக்கு நடுவே என் வட்ட விளக்கின் வெள்ளை வளையம். அந்த வளையத்தைப் பார்த்து மயங்காத ஆள் இல்லை. எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதை இறக்கி வைத்தவர் ஒரு துணிக்கடை ராத்தா. அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டின் முன் அறைதான் அவருடைய கடை. பெண்கள் மட்டும் வருவார்கள். சாறிக்குப் பொருத்தமான சட்டைத்துண்டும் நூலும் விற்பார். சாறியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவர்த் தட்டிலிருந்து ஒரே ஒரு துணியை உருவுவார், அது அச்சொட்டாகப் பொருந்தும். ஆனாலும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டார். "ரியூப் லைட் பொய் சொல்லும், வாசலுக்கு வாங்க" என்று வருகிறவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போவார்.

இரண்டு வருடத்துக்கு முன் நெல் தூசு விழுந்து, கிருமி பிடித்து, அவருடைய இடது கண்ணை எடுக்க வேண்டி வந்தது. கொழும்பில் செயற்கைக் கண் வைத்தார்கள். அது கறுப்பு. அவருடைய சொந்தக் கண் மண்ணிறம். முகம் மூடி வெளியே வருகிற பெண்ணுக்கு வெளியே தெரிவதே இரண்டு கண்கள்தான். பேச வருகிறவர்கள் இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ராத்தா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கண்ணாடி போட்டால் மெரூனுக்கும் மண்ணிறத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தங்கையை முன்னால் உட்காரவைத்துவிட்டு, தான் பின்னறையில் லைனிங் துணி அளந்துகொண்டிருந்தார். அவரை நம்பி வந்தவர்கள் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

கண் செய்கிறவர் புதிதாக ஒன்று தீட்டித் தருவதாகவும், நல்ல கண்ணின் நிறம் சரியாகத் தெரிகிற படம் ஒன்று அனுப்பும்படியும் சொல்லியிருந்தார். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"இந்த முறையும் பிழையாப் போனா கடைய மூடிருவன் புள்ள" என்றார் ராத்தா. சும்மா சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது.

பின்னறையில் உட்காரவைத்து, துணிச் சுருள்களை அடுக்கி அதன்மேல் நாடியை ஊன்றச் சொன்னேன். இவ்வளவு நெருக்கத்தில் மூச்சு விட்டாலே ஃபோகஸ் தவறி, கண் மங்கி இமைமயிர் தெளிவாகிவிடும். அவர் கல்லுப்போல அசையாமல் இருந்தார். வட்ட விளக்கைப் போட்டு எடுத்தேன். எனக்கே பிடித்துப்போயிற்று. பெருமையோடு காட்டினேன்.

கனநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இரிக்கு. ஆனா இது உங்கட விளக்குட படம். என்ட கண் எங்க?"

சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அவர் சொன்னது உண்மை. வெள்ளை வளையம் நடுக்கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. விளக்கைப் பக்கத்துக்கு நகர்த்தினேன், நிறம் மஞ்சளடித்தது. சுவரில் பட்டுத் திரும்ப வைத்தேன், சாம்பல் பூத்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ராத்தா சிரித்தார். "கொழும்பிலயும் இப்பிடித்தான். ரூமுக்குள்ள ரியூப் லைட்டுக்குக் கீழ கண்ணாடியக் கையில தந்தாங்க. ரெண்டு கண்ணும் ஒண்டுபோலத்தான் இரிந்திச்சி. மூடாத மூஞ்சோட வெளிய போக வெக்கப்பட்டு, சரியெண்டு சொல்லிட்டு வந்திட்டன். ஊர வாசலுக்கு இழுக்கிற நான், என்ட கண்ண வாசலுக்குக் கொண்டு போகல்ல."

சொல்லிவிட்டு எழும்பினார். முகத்திரையைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வாசலுக்கு வந்தார். காலை பத்து மணி இருக்கும். வெயில் படியில் இன்னும் விழவில்லை. வாவிப் பக்கம் இறங்கும் வெண்மணல் ஒழுங்கை முழுக்க வெளிச்சம். அது பக்கவாட்டில் வந்து அவர் கண்ணுக்குள் இறங்கியது. மண்ணிறம் என்று நான் ஒற்றைச் சொல்லில் நினைத்திருந்த இடத்தில் நார் நாராக எத்தனையோ நிறங்கள்.

அவர் மேசையிலிருந்து நூல் லாச்சியை உருவி வந்து மடியில் வைத்து, கைக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, இருந்த ஒற்றைக் கண்ணால் அந்தக் கண்ணுக்கே நூல் தேடினார். மூன்று நூல்கட்டைகளை எடுத்தார். ஓரத்துக்குக் கோப்பிக்கொட்டை, நடுவுக்குப் பழப்புளி, கண்மணியைச் சுற்றித் தேன். மூன்றிலும் ஒவ்வொரு துண்டு நறுக்கி, கண்ணுக்குக் கீழே முகத்திரையில் ஊசியால் குத்திக்கொண்டார்.

"படத்தோட இந்த நூலையும் அனுப்புவம். உங்கட கமரா நிறத்தக் கூட்டினாலும் குறைச்சாலும், அந்த மனிசன் நூலப் படத்தில வெச்சுப் பாத்தா விளங்கும்."

பன்னிரண்டு வருடமாகக் கண்களைப் படம் எடுக்கிறேன். இந்தப் புத்தி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம்போல இருந்தது.

இன்னும் ஒரு தொல்லை. ஈரக் கண்ணில் என் மஞ்சள் சட்டை அப்படியே தெரிந்தது. ராத்தா கறுப்புத் துணியொன்றை என் தலைமேல் போட்டார். லென்ஸுக்கு ஓட்டை வேண்டுமே என்றேன். "வாசல்லதானே நிக்கிறம், வெட்டலாம்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும், உள்ளே போனால் விரியும். தீட்டிய கண் சுருங்காது, விரியாது. எந்த அளவில் வேண்டும்?

அவர் யோசிக்கவே இல்லை. "வாசல்ல நிண்டு துணி பாக்கக்குள்ள எப்பிடி இரிக்குமோ, அப்பிடி."

ஒரு சாறியின் முந்தானையைத் தங்கையின் கையில் கொடுத்து, என் தோளுக்கருகே விரித்துப் பிடிக்கச் சொன்னேன். ராத்தா அதைப் பார்த்தார். அதுவரை படத்துக்காகக் காத்திருந்த கண் வேலைக்கு வந்துவிட்டது. அந்த நொடியில் எடுத்ததைத்தான் அனுப்பினோம்.

ஒன்றரை மாதம் கழித்துப் போனேன். ராத்தா கடையின் முன்னால் உட்கார்ந்திருந்தார், கறுப்புக் கண்ணாடி இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை, முகத்தை மூடிக்கொண்டு நேரே வாசலுக்குக் கூட்டிப்போனார். பக்கவாட்டில் பார்க்கும்போது புதுக் கண் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பியது. நிறத்தில் நான் பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

அப்போது ஒரு பெண் பச்சைச் சாறியோடு வந்தாள். ராத்தா உள்ளே போய் ஒரே ஒரு துணியை உருவிக்கொண்டு வந்து, சாறிமேல் போட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் திருப்தி இல்லை. நீலம் கூடிப்போச்சு என்றாள். ராத்தா இல்லை என்றார். நேருக்கு நேர் நின்று நன்றாகவே வாக்குவாதப்பட்டார்கள். கடைசியில் அவள் ஒப்புக்கொண்டு துணியை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் ஒழுங்கை திரும்பும்வரை ராத்தா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"கண்டீங்களா புள்ள. சண்டை பிடிச்சிட்டுப் போறா. என்ட கண்ண அவ பாக்கவே இல்ல."