ஓட்டிக் காட்டிய டிஸ்க்

டிஸ்க் அண்ணனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும்.

பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்பவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது ஆள் வந்தால் வெளியே நிற்க வேண்டிய கடை. டிஸ்கை விளக்கடியில் சாய்த்துக் கீறல் பார்ப்பார். பிறகு கடையில் இருக்கும் கேம் மெஷினில் போட்டு, வாங்குபவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுவார். ஓட்டிக் காட்டாமல் எதையும் விற்றதில்லை. வெங்காயத்தைக்கூட மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார் என்பது அவர் மனைவியின் புகார்.

இப்போது வரும் கேம்களின் பெட்டிக்குள் ஒரு சுரண்டல் அட்டை இருக்கிறது. அதைச் சுரண்டினால் தெரியும் ரகசிய எண்ணை, அதாவது 'கோடு' என்பதை, மெஷினில் அடித்தால்தான் இன்டர்நெட்டில் மற்றவர்களோடு ஆட முடியும். ஒருமுறைதான் அடிக்கலாம், அடித்த மெஷினோடு அது ஒட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்கவாம். எதிர் நடைபாதையில் திருட்டுக் காப்பி விற்பவனுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

ஒரு பஸ் கண்டக்டர். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு பேச்சு நின்று வெகுகாலம். அந்தத் தம்பியே, 'இந்த கேமை வாங்கு, சேர்ந்து ஆடலாம்' என்று செய்தி அனுப்பியிருந்தான். அட்டை சுரண்டாத ஒரு பெட்டி வந்ததும் டிஸ்க் அண்ணன் கண்டக்டருக்காக எடுத்து வைத்தார். கண்டக்டர் வந்தார். அண்ணன் வழக்கம்போல் டிஸ்கைப் போட்டார். திரை கோடு கேட்டது. பழக்க தோஷம், சுரண்டி அடித்துவிட்டார். அருமையாக ஓடியது.

மறுநாள் கண்டக்டர் திரும்பி வந்தார். திட்டவில்லை.

"கோடு ஏற்கெனவே யூஸ் ஆயிடுச்சாம். தம்பி காத்திருந்து பார்த்துட்டு, நான் வேணும்னே வரலைன்னு நினைச்சுட்டான்."

அண்ணன் கம்பெனிக்குப் போன் செய்தார். முதலில் வாங்கியவர் நீங்களா என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றதும், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"நான் திருடலம்மா. வாங்கினவர்கிட்ட வாங்கினேன். ஒருத்தர் சைக்கிளை வித்தா, கம்பெனி வந்து பெடலைக் கழட்டிட்டுப் போகுமா?"

அழைத்ததற்கு நன்றி சொன்ன அவள், சேவைக்கு மதிப்பெண் கேட்டாள்.

அண்ணன் போனை வைத்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மேசைக்கடியில் முடுக்கியிருந்த கடை மெஷினைக் கழற்றினார்.

"கோடு இதோடதான ஒட்டியிருக்கு, இதுல ஓடும். உங்களோடதைக் கொண்டாந்து கொடுங்க."

"அதுவரைக்கும் கடைக்கு என்னண்ணே பண்ணுவீங்க?"

"முதல்ல தம்பிக்கு மெசேஜ் போடுங்க."

மறுநாள் கண்டக்டர் தன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். தம்பியிடம் படுதோல்வியாம். ஆடிய நேரம் முழுக்க அவன் கிண்டலடித்தானாம். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணன் சிரிக்கவில்லை. அன்று மாலையே அட்டை சுரண்டாத இன்னொரு பெட்டி விற்பனையானது. வாங்க வந்தவர் ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"காட்ட முடியாதுங்க," என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னை நம்பி வாங்கிட்டுப் போங்க."

அந்த வாக்கியத்தைக் கடையில் அவர் அதுவரை சொன்னதே இல்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையிலெடுத்தார். கழற்ற ஒன்றும் இல்லை.